கறை நீக்கப்பட்ட ஏழு படங்கள்

தங்கை புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவதா, அம்மா வீட்டிலேயே இருப்பதா என்பது அன்று மாலை ஆறு மணிக்கு முடிவாக இருந்தது. முடிவு செய்யப் போகிறவர்கள் தாய்மாமாவும் மாப்பிள்ளையின் அண்ணனும். தங்கையைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் அழுவாள், அழுதால் பேச்சு நடக்காது என்று மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட நியாயஸ்தர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை.

அம்மாவின் போன் வந்தபோது அக்கா வேலையில் இருந்தாள். "தங்கச்சி ஒரே ஒரு பையோட வந்து நிக்கிறாடி. அவன் அடிக்கிறானாம். எட்டு மாசமா அடிக்கிறானாம்" என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலை அந்த நேரத்திலும் அவளை விடவில்லை. அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அரை நாள் லீவு சொல்லப் போனாள்.

அவள் வேலை கொஞ்சம் விசித்திரமானது. ஆன்லைன் துணிக்கடை ஒன்றின் ஆப்பில் நம் போட்டோவை ஏற்றிவிட்டு ஒரு கவுனைத் தொட்டால், அந்தக் கவுனை நாமே போட்டுக்கொண்டு நிற்பதுபோலப் படம் வரும். டிரையல் ரூம் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிறது என்று கடை சொல்லிக்கொள்கிறது. பாதிப் பொய். கம்ப்யூட்டர் திணறுகிற படங்களெல்லாம் ஒரு கட்டிடத்தின் நான்காவது மாடிக்கு வரும். அங்கே ஜன்னல் திரைகளை எப்போதும் மூடி வைத்து, முப்பது பேர் உட்கார்ந்து கையால் சரிசெய்வார்கள். முகங்கள் மங்கலாக்கப்பட்டுத்தான் வரும். தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று புள்ளி வைக்க வேண்டும். பிறகு தோலின் மேல் தோல் அல்லாதது எது தெரிந்தாலும், அது மையோ, நிழலோ, கொசுக்கடியோ, சுற்றிக் கோடு போட்டு 'கறை' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் போதும், அந்த இடம் பளிங்குபோல ஆகிவிடும். ஒரு படத்துக்கு நாற்பது நொடி.

"கஸ்டமர் தன்னைப் பாக்க வரலம்மா, கவுனைப் பாக்க வர்றாங்க. கையில தழும்பு தெரிஞ்சா மூடு போயிடும், வாங்க மாட்டாங்க" என்பது சூப்பர்வைசரின் வேதம். 'சந்தேகம்' என்று இன்னொரு பட்டனும் உண்டு. அதை அழுத்தினால் படம் அவரிடம் போகும், அவர் முகம் கோணும். அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. அக்கா இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. நாற்பது நொடி வேலையை இருபத்தைந்தில் முடிப்பவள். 'ரப்பர்' என்று அவளுக்குப் பட்டப்பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஆறு மணிக்கு அம்மா வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. மாமா சாய்வு நாற்காலியில். மாப்பிள்ளையும் அவன் அண்ணனும் சோபாவில். அம்மா சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை சுவரோரம் தரையில், முழுக்கைச் சட்டை போட்டு, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்தில் பாதியாகிவிட்டாள். போனில் பேசும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்க்கா" என்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னவள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், பக்கத்தில் அவன் இருப்பான். அக்காவும் பெரிதாகக் கிளறவில்லை. கல்யாணமான பெண்ணிடம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் போலத்தான் எப்போதும் இருப்பான். அன்றும் அப்படித்தான் பேசினான்.

"மாமா, நான் குத்தம் சொல்ல வரல. அவளுக்கு மனசு சரியில்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னு பாக்குறேன். அடிச்சேன்னு சொல்றா. எங்க அடிச்சேன், காட்டச் சொல்லுங்க."

அம்மா தங்கையை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தாள். வெளியே வந்து, தயங்கி, "பெருசா எதுவும் தெரியல" என்றாள். மூன்று வாரமாக அவன் கை வைக்கவில்லை. எல்லாம் மங்கிப்போயிருந்தது. மங்க விட்டுத்தான் இப்போது வந்திருக்கிறான் நல்லவன்.

"போன மாசம் கை பூரா இருந்துச்சு. பத்தாம் தேதி" என்றாள் தங்கை தலை நிமிராமல்.

மாப்பிள்ளை அதற்காகவே காத்திருந்தவன்போலப் போனை எடுத்தான். தங்கையின் போன்தான், ஆனால் அவன் சட்டைப்பையில் இருந்தது. துணிக்கடை ஆப்பைத் திறந்து மாமாவிடம் நீட்டினான்.

"இது அவளே எடுத்து ஏத்தின படம் மாமா. நானே நேத்துதான் பாத்தேன். தேதி போட்டிருக்கு பாருங்க, பத்து. கையில்லாத கவுன் போட்டுப் பாத்திருக்கா. கையில ஒரு கீறல் இருக்கா? அடி வாங்கினவ கையில்லாத கவுனைத் தேடுவாளா? ஒண்ணில்ல, ஏழு படம் இருக்கு. ஏழும் கையில்லாததுதான்."

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏழையும் பார்த்தார். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கும்பாங்க. இங்க கையே சுத்தமா இருக்கே" என்று போனை அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா பார்த்தாள். மங்கலாக்காத முகத்தோடு தங்கை ஒரு மஞ்சள் கவுனில் நின்றாள். கையிரண்டையும் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்தாள். பின்னால் பச்சைக் கதவு, அதில் தொங்கும் குடை. முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தாள். அந்தப் பச்சைக் கதவை அவள் பார்த்திருக்கிறாள். தங்கை வீட்டில் பார்த்ததல்ல, அங்கே அவள் போனதே இல்லை. நான்காவது மாடியில் பார்த்திருக்கிறாள். கட்டிய கை, முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்த நீலம். சாயத்தில் கை விட்டிருப்பாள்போல என்று நினைத்துக்கொண்டே சுற்றிக் கோடு போட்டது அவளுக்கு நினைவு வந்தது.

"மாமா, இது பொய்ப் படம். இதுல காயம் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் தன் வேலையைச் சொன்னாள், கறைப் பட்டனைச் சொன்னாள். வேலையைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள், எல்லாவற்றையும் கொட்டினாள். மாப்பிள்ளையின் அண்ணன் சிரித்துவிட்டார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மாதிரி இருக்கேம்மா. ஆயிரம் பேர் ஏத்துற படத்துல உன் தங்கச்சி படம் உன்கிட்டயே வந்துச்சா? நீயே அழிச்சியா? உனக்கே தெரியாதா?"

"முகம் தெரியாதுங்க."

"தங்கச்சி கை தெரியாதா?"



"அக்கா, உங்க பாசம் புரியுது. அந்தப் பழைய படம் இருந்தா காட்டுங்க, நான் கால்ல விழறேன்" என்றான் மாப்பிள்ளை.

அவள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், கறை எடுக்கிறதுக்கு முன்னாடி இருந்த படம் வேணும். என் தங்கச்சி உயிர் விஷயம். கொஞ்சம் தேடிப் பாருங்க சார்."

"பக்கத்துல யார் இருக்காங்க?" என்று அவர் கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுங்கதான்."

"அப்படியா" என்றார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது, விளம்பரத்தில் பேசுகிறவர்போல. "பழைய படம் எதுவும் ஒரு நாளுக்கு மேல இருக்காதுங்க. அப்புறம், எங்க ஆப்ல எல்லாம் கம்ப்யூட்டர் செய்யுறது. மனுஷங்க யாரும் படத்தைப் பாக்குறதே இல்லை. வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

போனை வைத்துவிட்டார். அந்த மனிதனை அக்கா அந்த நிமிடம் வெறுத்தாள். அதைவிட அதிகமாகத் தன் வலது கையை வெறுத்தாள்.

பிறகு பேச்சு முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாமா பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொன்னார். புருஷன் பெண்டாட்டி என்றால் முன்னே பின்னே இருக்கும், கோபம் வந்தால் வார்த்தையோடு நிறுத்த வேண்டும், டாக்டரையும் பார்க்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அம்மா அழுதுகொண்டே தங்கையின் பையை எடுத்து வந்து வைத்தாள். பையைத் திறந்துகூட இருக்கவில்லை.

"இவ போக மாட்டா" என்று அக்கா பையின் மேல் கை வைத்தாள். "என் வீட்டுல இருக்கட்டும்."

"உன் வீட்டுல உன் மாமனார் என்ன சொல்வார்?" என்றார் மாமா. "அதோட நீ இப்ப சொன்னதைக் கேட்டப்புறம் உன்னை நம்பி எப்படி அனுப்புறது?"

ஆண்கள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். தங்கை எழுந்து வந்தாள். அன்று முதல்முறையாக அக்காவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கையைக் கட்டிட்டு நின்னா மெஷினுக்குப் புரியாது, எங்ககிட்ட வந்துடும்னு என் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை சொன்னியே. அதான் கட்டிட்டு நின்னேன். என் போன்ல அவன் எல்லாத்தையும் பாப்பான். அந்த ஆப்பை மட்டும் பாக்க மாட்டான்னு நெனச்சேன். உனக்குத்தான் அனுப்பினேன்க்கா. கை தெரியணும்னுதான் கையில்லாத கவுனா தொட்டேன்."

அக்கா பையை இன்னும் இறுகப் பிடித்தாள்.

"ஒவ்வொரு தடவையும் படம் திரும்ப வரும். கை சுத்தமா இருக்கும். யாரோ பாத்திருக்காங்கன்னு மட்டும் தெரியும். அக்கா பாத்திருக்க மாட்டா, வேற யாரோன்னு சொல்லிக்கிட்டு மறுபடி அனுப்புவேன். ஏழுக்கப்புறம் நிறுத்திட்டேன்."

வெளியே மாப்பிள்ளை மென்மையாக, "வாம்மா, நேரமாச்சு" என்றான்.

தங்கை பையின் மேலிருந்த அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்று கேட்டாள்.

"ஏழுல எத்தனைக்கா உன்கிட்ட வந்துச்சு?"

அக்கா யோசித்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் கை. பச்சைக் கதவு ஒரு படத்தில்தான் நினைவில் இருந்தது. மற்ற ஆறையும் அவள் பார்த்தே இருக்க மாட்டாள், அல்லது ஆறையும் அவளே துடைத்திருப்பாள். பொய் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலடி" என்றாள்.

தங்கை தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.