பள்ளி செய்த உதவிகள்

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த படிவத்தில், சிவப்பு மையால் அதே இடத்தில்தான் வட்டம் போட்டிருந்தது. முதல் வட்டத்தின் மேலேயே இரண்டாவதும், அதன் மேலேயே மூன்றாவதும் விழுந்து, தாள் அந்த இடத்தில் கிழியப் பார்த்தது. மகாதேவி அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றாள். உள்ளே மற்ற இருபத்தாறு பேருக்கும் பொதுத்தேர்வு ஹால்டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவதும், பெஞ்சு நகர்வதும், வாங்கியவர்கள் தங்கள் போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொள்வதும் கேட்டது. அவள் பெயர் வரவேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

"படிவத்த ஒழுங்கா எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் ஹால்டிக்கெட்" என்று தலைமையாசிரியர் ஆண்டிச்சாமி காலையிலேயே சொல்லிவிட்டார். இப்படி ஒரு சட்டத்தை அவருக்கு மேலே இருப்பவர்கள் யாரும் போடவில்லை. அவராகப் போட்டுக்கொண்டது.

படிவத்துக்கு 'என் எதிர்காலத் திட்டம்' என்று பெயர். நான்கு பக்கம். பிளஸ் டூ முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அடுத்து என்ன படிக்கப் போகிறது, எந்தக் கல்லூரியில், அது கிடைக்காவிட்டால் எது, அதுவும் இல்லையென்றால் எது என்று எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு கொடுத்துவிட்டுத்தான் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். அதில் மகாதேவிக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால், முதன்முதலில் கையில் வாங்கியபோது சந்தோஷமாகவே இருந்தது. நீ என்னவாகப் போகிறாய் என்று அதுவரை யாரும் அவளிடம் தாள் கொடுத்துக் கேட்டதில்லை. மேமலைக் கோடியில் இருக்கிற போளூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைக்கு, படித்து முடித்தால் பூண்டுக் காடு, இல்லாவிட்டால் கல்யாணம் என்று எல்லோரும் கேட்காமலே முடிவு செய்திருந்தார்கள்.

நர்ஸிங் என்று அவள் தயங்காமல் எழுதினாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடைமழையில் ரோடு சரிந்து கிடந்த ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு வீரம்மாளுக்கு வலி எடுத்து, கொடைக்கானலுக்குக் கொண்டுபோகிற வழியில் ஜீப்புக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. வீரம்மாளின் தலையை மடியில் வைத்திருந்தவள் மகாதேவிதான். பிள்ளை அழவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஜீப்பில் இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கவிழ்த்துப் பிடி என்றார் ஒருவர், முதுகில் தட்டு என்றார் இன்னொருவர். எதனால் என்று தெரியாமலே அது கடைசியில் அழுதது. பிறந்ததற்கும் அழுததற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி அவளுக்குள் அப்படியே நின்றுவிட்டது. 'ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்' என்ற கேள்விக்குக் கீழே விட்டிருந்த மூன்று வரி போதாமல், ஓரத்திலெல்லாம் பொடியெழுத்தில் எழுதி நிரப்பியிருந்தாள்.

சிக்கல் பதினோராவது கேள்வியில் வந்தது. 'இத்திட்டத்தை அடைய உனக்குப் பள்ளி செய்த உதவிகள் யாவை?'

அதற்கான பதிலை லீலா டீச்சர் போர்டில் எழுதிப் போட்டார். வாரந்தோறும் உயர்கல்வி வழிகாட்டி வகுப்பு. மாலை நேரச் சிறப்பு வகுப்பு. ஆய்வகப் பயிற்சி. பாட ஆசிரியரின் தனிக் கவனம். இந்த நான்கையும் எல்லோரும் அப்படியே எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு சொல் மாறக் கூடாது என்றார். எழுதும்போது அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் வகுப்பில் படிக்கிற கோகுல்ராஜ், தன் சித்தப்பாவின் ஜீப்பை ஓட்டி டூரிஸ்ட்டுகளுக்கு ஊர் சுற்றிக் காட்டப் போகிறவன். லைசென்ஸ் எடுக்க இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறவன். அவன் முதல் பக்கத்தில் பி.இ. என்று எழுதியிருந்தான். "ஜீப்புன்னு எழுதுனா திருப்பித் தர்றாங்க. இன்ஜினியர்னு எழுதுனேன், வாங்கிக்கிட்டாங்க. எழுதிப் போட்டுட்டு சோலியப் பாரு மகா" என்றான்.

மகாதேவி எழுதவில்லை. பதினோராவது கேள்விக்குக் கீழே தன் கையெழுத்தில் நாலே வரி எழுதினாள். உயிரியல் ஆசிரியர் போன வருடம் ஜனவரியில் மாறுதலில் போய்விட்டார். அவருக்குப் பதில் இன்றுவரை யாரும் வரவில்லை. பிளஸ் டூ உயிரியலில் ஒரு பாடமும் நடத்தவில்லை. ஆய்வகம் பூட்டியிருக்கிறது, செய்முறை நோட்டை வேறு பள்ளி நோட்டைப் பார்த்து எழுதினோம்.

அதைத்தான் மூன்று முறை வட்டம் போட்டுத் திருப்பினார்கள். மூன்று முறையும் அவள் அதையே வைத்துக் கொடுத்தாள். பிடிவாதம் என்று டீச்சர்கள் சொன்னார்கள். அவளுக்கு அது பிடிவாதமாகத் தோன்றவில்லை. நர்ஸிங் வேண்டும் என்றால் உயிரியலில் மார்க் வேண்டும். அந்த மார்க் எங்கிருந்து வரும் என்று கேட்டால் போர்டைக் காட்டினால் எப்படி? தன் திட்டத்தை மூன்று தடவை கேட்கிறவர்கள், தங்கள் திட்டம் என்ன என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

அன்று மத்தியானம் ஆண்டிச்சாமி அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒங்கம்மாவக் கூட்டிட்டு வா. அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

அம்மா ராக்காயிக்கு அது பூண்டு பறிக்கிற நேரம். கணவர் வேலுமணி முதல் பறிப்பை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கியிருந்தார். காட்டில் ஆள் விட்டிருந்தது. ஒரு நாள் போனால் மண் இறுகிவிடும், பிடுங்கும்போது பூண்டுப் பல் உடையும். மகள் விஷயத்தைச் சொன்னபோது அவள் கையிலிருந்த பூண்டுக் கொத்தின் மண்ணைத் தட்டிக்கொண்டே, "அவுக சொல்றத எழுதிக் குடுத்துட்டு வாயேந் தாயி. ஒரு தாள்ல என்னா இருக்கு" என்றாள்.

மகாதேவிக்கு அழுகை வந்தது. பள்ளியில் நின்றபோது வராதது, இங்கே இந்த ஒரு வார்த்தைக்கு வந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து, காட்டு வேலையைச் சொல்லிவைத்துவிட்டு, மகளோடு முதல் பஸ் ஏறினாள்.

தலைமையாசிரியர் அறையில் ராக்காயியை உட்காரச் சொன்னார்கள். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நகக் கண்ணெல்லாம் பூண்டுக் காட்டு மண். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் லீலா டீச்சர் ஒவ்வொரு படிவமாகப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஒங்க பொண்ணு நல்லாப் படிக்கிற பிள்ளைதாம்மா" என்று ஆண்டிச்சாமி ஆரம்பித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. சர்க்கரை நோய், கால் வீக்கம், பனிக்குக் கழுத்தைச் சுற்றிய மப்ளர். "ஆனா ஒரு தாளு நிரப்பத் தெரியல. நூத்துக்கு நூறு பிள்ளைகளும் திட்டம் குடுத்த பள்ளின்னு நம்ம பேரு போகப்போகுது. இவ ஒருத்தியால நிக்கிது. நீங்க சொல்லி எழுதச் சொல்லுங்க."

"என்னா எழுதணுங்க சார்?"

"அவளுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியலைங்களே. படிச்சுக் காமிங்க, கேட்டுக்கிறேன்."

ராக்காயிக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஆண்டிச்சாமி படிக்கவில்லை. மகாதேவிதான் மேஜைமேல் இருந்த வேறொரு படிவத்தை எடுத்துப் பதினோராவது கேள்வியையும் அதன் கீழே இருந்ததையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். வழிகாட்டி வகுப்பு என்றபோது ராக்காயி தலையாட்டினாள். மாலை நேரச் சிறப்பு வகுப்பு என்றபோது தலை நின்றது.

"சாயங்காலமா?"

"ஆமாம்மா" என்றாள் மகாதேவி.

"சாயங்காலம் எத்தன மணிக்குங்க சார்?"

ஆண்டிச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பொதுவா எழுதுறதும்மா. ஒரு ஃபார்மாலிட்டி."

"இல்லைங்க, நான் தெரியாமத்தான் கேக்குறேன். நாலரை பஸ்ஸ விட்டா எங்க ஊருக்கு வேற பஸ்ஸு இல்ல. எம்மக ஒரு நாளும் அத விட்டதில்ல. தெனமும் நாந்தான் காட்டுல இருந்து பஸ்ஸப் பாத்துட்டு வீட்டுக்கு ஏறுவேன். அப்ப சாயங்காலம் யாருக்குங்க கிளாஸ் நடந்துச்சு?"

கீபோர்டு சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"இந்தாம்மா, நீங்க புரிஞ்சுக்கணும்" என்றார் ஆண்டிச்சாமி. குரல் இறங்கியிருந்தது. "உயிரியலுக்கு ஆள் கேட்டு நான் ஏழு லெட்டர் போட்டிருக்கேன். நேர்ல போயும் நின்னிருக்கேன். மேமலைக்கு வர யாரும் சம்மதிக்க மாட்டேங்கிறாங்க. வந்தாலும் மூணு மாசத்துல மாறுதல் ஆர்டர் வாங்கிட்டு எறங்கிர்றாங்க. நான் என்ன பண்ண முடியும்?"

"அதத்தான சார் நானும் எழுதியிருக்கேன்" என்றாள் மகாதேவி. அவள் குரல் நடுங்கியது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. "நீங்க லெட்டர்ல என்ன எழுதுனீங்களோ அதத்தான் எழுதியிருக்கேன். ஆள் இல்லைன்னு நீங்க எழுதுனா லெட்டரு. நான் எழுதுனா தப்பா?"

"ஏட்டிக்குப் போட்டி பேசாத. லெட்டர் வேற, இது வேற. இதுல எல்லாம் நல்லா நடக்குதுன்னு இருக்கணும்."

"எல்லாம் நல்லா நடக்குதுன்னு இருந்தா, அப்பறம் ஆள் எதுக்கு சார் அனுப்பப் போறாங்க?"

அறைக்கு வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் ஓடுகிற சத்தம் வந்து போனது. ராக்காயி எழுந்து மகளின் பையிலிருந்த படிவத்தையும் மேஜைமேல் இருந்த பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. கூடையை இறக்கி வைப்பதுபோல் வைத்தாள்.

"எம்மக கையால எழுத வேணாங்க. நீங்க படிச்சவுக. சாயங்காலம் கிளாஸ் நடந்துச்சுன்னு ஒங்க கையால எழுதி, அதுக்குக் கீழ ஒங்க கையெழுத்தப் போட்டுருங்க. நானும் எங் கையெழுத்தப் போட்டுட்டுப் போயிர்றேன்."

ஆண்டிச்சாமி பேனாவைப் பார்த்தார். தொடவில்லை. டிராயரை இழுத்து, ஒற்றையாக மிஞ்சிக் கிடந்த ஹால்டிக்கெட்டை எடுத்து மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "பரீட்சைய ஒழுங்கா எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடித்தது மாதிரித் தெரியவில்லை.

ஹால்டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் மகாதேவி நினைத்தாள். அம்மாவை முன்னால் விட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பியபோது கம்ப்யூட்டர் திரை கண்ணில் பட்டது. மேலே அவள் பெயர். அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி. கீழே நர்ஸிங் என்று சரியாகத்தான் இருந்தது. அதற்கும் கீழே, பதினோராவது கட்டத்தில், போர்டில் இருந்த நான்கு வரிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இது எம் பேர்ல இருக்கு டீச்சர்" என்றாள்.

லீலா டீச்சர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் கட்டத்த வெறுமனே விட்டா கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது மகாதேவி."

"நான் எழுதுனத டைப் அடிங்க."

"இதுல நாம அடிக்கிறது இல்ல. அதுலயே இருக்கிற பதில்களத்தான் தொடணும். நீ எழுதுனது இதுல இல்ல." குரலைத் தாழ்த்தினார். "நான் மார்ச்சு வரைக்கும்தான் இங்க. அதுக்கப்பறம் கூப்புடுவாங்களான்னே தெரியாது. சார் சொன்னத நான் மாத்த முடியாது, புரிஞ்சுக்கோ."

மகாதேவி டீச்சரைப் பார்த்தாள். பழனியிலிருந்து வந்து, ஊரில் ஒரு அறை எடுத்து, குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தற்காலிக வேலையில் மூன்று வருஷமாக, ஒவ்வொரு மார்ச்சிலும் வேலை முடிந்து போக வேண்டிய நிலையில் இருக்கிறவர். இவர்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை.

"ஒங்களுக்கும் இந்தப் படிவம் குடுத்தாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

லீலா டீச்சரின் விரல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு அது இறங்கியது. திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. இருபத்தேழுக்கு இருபத்தேழு.

பதினொன்றரை பஸ்ஸில் கூட்டம் இல்லை. ராக்காயி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மகாதேவிக்கு அந்த நான்கு வரிகளும் தன் பெயருக்குக் கீழே எங்கோ போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. யாரோ ஒருவர் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு எல்லாம் கிடைத்திருக்கிறது என்று அடுத்த பெயருக்குப் போவார். அந்த அறை எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. போய் நிற்கவும் முடியாது.

மன்னவனூர் தாண்டி, இறக்கத்தில் பஸ் நின்றது. ரோடு முழுக்கச் செம்மறி ஆடுகள். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

மகாதேவி உயிரியல் புத்தகத்தை எடுத்தாள். நோய்த்தடைக்காப்பு பற்றிய பாடம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டு வைத்திருந்த பாடம். வாய்க்குள் படித்தால் மனம் நிற்கவில்லை. சத்தமாகப் படித்தாள். இரண்டு பத்தி போனது. நிணநீர் முடிச்சுகள் என்ற இடத்தில் அம்மா திரும்பினாள்.

"அது என்னாது?"

"தெரியலம்மா. ஒடம்புல அங்கங்க இருக்குமாம். கிருமிய வடிகட்டுமாம். நோய் வந்தா வீங்குமாம்."

ராக்காயி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "காலுல முள்ளு ஏறிப் பழுத்துருச்சுன்னா தொட இடுக்குல நெறி கட்டுமே. அதுவா இருக்குமோ?"

மகாதேவி படத்தைப் பார்த்தாள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று சின்னச் சின்ன உருண்டைகளாக வரைந்திருந்தது. அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஆள் இல்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் 'நெறி?' என்று எழுதினாள்.

"சரி, மேக்கொண்டு படி" என்றாள் அம்மா.

அவள் அடுத்த வரியைப் படித்தாள். ஆடுகள் பஸ்ஸின் இரண்டு பக்கமும் தகரத்தை உரசிக்கொண்டு வழிந்து போய்க்கொண்டிருந்தன. ஈர ரோமத்தின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவற்றின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காக அவள் குரலை உயர்த்தினாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.