நாலாம் நரம்பு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் மக்களே. ஓட்டில் விழுகிற சாரல் சத்தத்தில் என் குரல் எட்டாமல் போய்விடக் கூடாது. ஒரு கோபக்காரியின் கதை சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம், அவளுடைய கோபம் உங்கள் மேல் இல்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தென்காசிக் கிறிஸ்தவச் சபையில் அன்றைக்கு அசனம். வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த கைப்பிடி அரிசியை ஒன்றாகப் பொங்கி, ஊரே ஒரே பந்தியில் சாப்பிடுகிற நாள். சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலில் பாட்டுக் கச்சேரி. கத்தரிக்காய் நறுக்கிக் கறுத்துப்போன விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஜெபமலர் பந்தலுக்குப் பின்னால் வந்து தன் யுகுலேலேயை உறையிலிருந்து எடுத்தாள். நாலாம் நரம்பைப் பெருவிரலால் சுண்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் கிடக்கிற தவளை கத்தினாற்போல ஒரு சத்தம் வந்தது.

குனிந்து பார்த்தாள். மெல்லிய நரம்பு இருந்த இடத்தில், கம்பி சுற்றிய தடித்த பழைய நரம்பு ஒன்று முறுக்கேறி நின்றது.

கொழும்பிலிருந்து அவள் தம்பி அனுப்பிய வாத்தியம் அது. கைக்குழந்தை மாதிரி மடியில் கிடக்கிற குட்டிக் கித்தார், நாலே நரம்பு. கூடவே மடித்து வைத்திருந்த அச்சுத்தாளில் மேல்நாட்டுப் பழைய நாட்டிய மெட்டு ஒன்று இருந்தது. பள்ளி விடுதியில் ஆர்மோனியத்துக்காகப் படித்த ஸ்வரக்குறிப்பு அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் இது நாலு நரம்பையும் சேர்த்து வழித்துவிட்டு, கூடவே பாடிவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக வேலை பார்க்க வேண்டும். ஒரு ஸ்வரம் ஒரு நரம்பில் என்றால் அடுத்தது வேறொரு நரம்பில். முதலாவது அடங்குமுன் இரண்டாவது அதன்மேல் விழ வேண்டும். தூரத்தில் இரண்டு மாட்டுவண்டி ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் சலங்கைகள் கலந்து கேட்குமே, அப்படி. அதற்காகவே அந்த வாத்தியத்தில் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாலாம் நரம்பு மெலிதாக, கீச்சுக்குரலில் இருக்கும். முதலாவதும் நாலாவதும் அக்காவும் தங்கச்சியும் மாதிரி.

அவள் புருஷன் ஞானசிகாமணிக்கு இது பொறுக்கவே இல்லை. சபைப் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். பிடில் வாசிப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே எல்லாரிடமும் சொல்லிவிடுவார். வரிசையில் கடைசி நரம்பு தடியாகத்தான் இருக்க வேண்டும், கொழும்புக் கடைக்காரன் தம்பியை ஏமாற்றிவிட்டான் என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அவள் அச்சுத்தாளைக் காட்டினாள். கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

தையில் ஆரம்பித்தவளுக்கு முதல் நாலு வரி வசப்படவே பங்குனி ஆகிவிட்டது. மோதிரவிரல் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் அடுப்படித் திண்டில் அந்த விரலைத் தட்டித் தட்டிப் பழக்கினாள். சாரல் தொடங்கியதும் ஈரத்தில் நரம்பெல்லாம் தொய்ந்தது. அவர் பிடிலின் இரண்டாம் நரம்பும் இவளுடைய நாலாம் நரம்பும் ஒரே ஸ்வரம். அதை மெதுவாகச் சுண்டிக் கேட்டு, இதை முறுக்கிச் சுதி சேர்ப்பாள். பிடிலைத் தொட்டதற்கு ஒருநாள் வீடு ரெண்டுபட்டது. அன்றிலிருந்து அவர் வாசிக்கும்போது காதை மட்டும் தீட்டிக்கொண்டாள்.

அருவிக்கும் போகவில்லை. தண்ணீரில் ஊறினால் விரல்நுனியில் காய்த்த காய்ப்பு உரிந்துவிடும். எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு எண்ணெய்த் தலையோடு சனம் வருகிறது. குற்றாலத்துச் சாலையிலேயே குடியிருந்துகொண்டு ஒரு சீசன் முழுக்க அருவியில் தலை நனைக்காதவள் இவள் ஒருத்திதான் என்று பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று முதலில் சொன்னவள் நாத்தனார் தங்கபுஷ்பம். ஆடி முடிகிற சமயத்தில் மெட்டு முழுசாக விரலுக்குள் வந்து உட்கார்ந்தது.

அந்த மெட்டின் நரம்பைத்தான் இப்போது பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

"இதைத் தொட்டது யாரு?" என்று கேட்டாள்.

வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் நிமிரவில்லை. "அண்ணன்தான் காலையில மாத்துனான். நான்தான் பிடிச்சுக்கிட்டேன். நல்லது செஞ்சவன்ட்ட மூஞ்சியத் தூக்காத மதினி."

"பழசு எங்க?"

தங்கபுஷ்பம் கையிலிருந்த துணியால் மேலே காட்டினாள். பந்தக்காலில் குருத்தோலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியிருந்த முடிச்சில் அவளுடைய நரம்பு, துண்டு துண்டாக.

ஜெபமலரின் விரல்நுனிக் காய்ப்பு ஏழெட்டு மாதமாகப் பழகிய நரம்பு அது. எட்டி அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அழுதால் அத்தனை பேரும் வந்து சமாதானம் சொல்வார்கள், அதோடு முடிந்துபோகும். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

பந்தி விசாரித்துக்கொண்டு ஞானசிகாமணி அந்தப் பக்கம் வந்தார். ஆட்டுக்கறி வாசனை அவரோடு சேர்ந்து வந்தது.

"இங்கேருங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"சரி பண்ணிக் குடுத்தா சண்டைக்கு வாரியே. ஏட்டி, சும்மா வாசி. கேக்குறவங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

அவர் சிரித்துவிட்டு, மோர் எங்கே என்று விசாரிக்கப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிடில் பெட்டி மேடை ஓரத்தில் இருந்தது. ஜெபமலர் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒளிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. இரண்டாம் நரம்பின் முறுக்கைத் தளர்த்தி உருவினாள். வழவழவென்று நல்ல ஆட்டுநரம்பு. அதன் நுனி முடிச்சு யுகுலேலேயில் நரம்பு மாட்டுகிற வெட்டில் அளவெடுத்தது போல் பொருந்தியது. நீளமும் போதும். தடித்த நரம்பைச் சுருட்டிப் பிடில் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

தங்கபுஷ்பம் துடைப்பதை நிறுத்திவிட்டாள். "ஏ மதினி, அண்ணன் கொன்னுருவான்."

"சரி பண்ணுதேன் மதினி. வந்து பிடிச்சுக்கிடுதியா?"

பந்தி முடிந்ததும் மேடையேறி வாசித்தாள். புது நரம்பு இளகிக்கொண்டே வந்தது. வாசிப்புக்கு நடுவிலேயே இடது கையை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு மெட்டுக்குத் திரும்பினாள். ஓரிடத்தில் மோதிரவிரல் பிசகியது, மீண்டது. நாலாம் நரம்பு பாட, முதல் நரம்பு அதன்மேல் ஏற, எது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தாம்பூலம் மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஜெபமலர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. மிளகாய் அரைக்கிறவள் முகம் மாதிரித்தான் இருந்தது.

அடுத்து பாடகர் குழு. எல்லாரும் எழுந்து வரிசையாக நின்றார்கள். வழக்கமாக ஞானசிகாமணி பிடிலின் இரண்டாம் நரம்பை ஒருதரம் சுண்டிச் சுதி கொடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டு எழும்பும். அவர் பெட்டியைத் திறந்தார். பிடிலில் மூன்று நரம்பும் நடுவில் ஒரு காலி இடமும் இருந்தன, பக்கத்தில் அந்தத் தடித்த நரம்பு சுருண்டு கிடந்தது. காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மேடை ஓரத்தில் இன்னும் உட்கார்ந்திருந்த பெண்சாதியைப் பார்த்தார். அவள் மடியில் இருந்ததையும், சுதி கொடுக்க வேண்டிய தன் நரம்பு அதில் ஏறியிருப்பதையும் பார்த்தார்.

பாடகர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சனம் முழுக்க அவரைப் பார்த்தது.

"ஜெபமலர்," என்றார், மெதுவாக. ஏட்டி என்று கூப்பிடவில்லை.

அவள் தலை தூக்கவில்லை. மேலே குருத்தோலை காற்றில் சரசரத்தது. அவளுடைய பெருவிரல் நாலாம் நரம்பின்மேல் இருந்தது.

அவ்வளவுதான் மக்களே. மழை விட்டதும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் பிள்ளைகளின் கைக்கு வேலை படியட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் ஆசையாக முறுக்கி வைத்ததை இன்னொருவர் கேட்காமல் அவிழ்க்காதிருக்கட்டும்.