இடது தோளுக்கு மேலால்

மாக்கிறேட் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இருமிப் பார்த்தாள். முதலாவது இருமல் சரிவரவில்லை. யாரையோ கூப்பிடுவதற்குத் தொண்டையைச் செருமியதுபோல் இருந்தது. இரண்டாவதை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். அது பரவாயில்லை, கேட்கிறவர்கள் நம்புவார்கள். கழுத்தில் கிடந்த மப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"அம்மா, பத்து மணிக்கு அங்கை நிக்கவேணும்," என்றான் மகன் டிலுக்சன் கதவுக்கு வெளியே நின்று. "மாமா ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார். நீங்கள் எப்ப பாடுறியள் எண்டு ஃபாதர் கேக்கிறாராம்."

"எனக்குத் தொண்டை கட்டிப்போட்டுது எண்டு சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோ."

"சொல்லத்தான் போறன். கதவடியிலை நிண்டு கத்தாதை."

செத்துப்போனது அவளுடைய தம்பி யேசுராசாவின் மனைவி ரெனாட்டா. பெர்லின்காரி, பொம்மைக் கூத்துக்காரி, எழுபத்தாறு வயது. புதன்கிழமை விடியற்காலையில், மெல்பேர்னில் ரோவில் என்ற இடத்து வீட்டில், தன் கட்டிலிலேயே போய்விட்டாள். போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுத்தான் போனாள். அந்த விஷயத்தில் ஜெர்மன்காரரைக் குறை சொல்ல முடியாது. கறுப்பு உடுப்புக் கட்டாயமில்லை. மலர்வளையம் வேண்டாம். பெட்டியை மூடுவதற்கு முன் மாக்கிறேட் பாடவேண்டும், டிலுக்சனின் கலியாணத்தில் பாடிய அதே மாதா பாட்டு.

அந்தக் கடைசி வரியைத் தம்பி தொலைபேசியில் வாசித்தபோது மாக்கிறேட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பாட்டு என்று தெரிந்துதானே கேட்டிருக்கிறாள்! செத்தும் விடுகிறாளில்லை.

பதினொரு வருஷக் கோபம் அது. டிலுக்சனின் கலியாணப் பூசையில் தனியாகப் பாடுவதற்கு மாக்கிறேட் எழும்பிப் போனாள். கோயில் நிறையச் சனம். மன்னாரில் பாவாடை கட்டின காலத்திலிருந்து கோயிலில் பாடிய குரல்தான், என்றாலும் இது பெற்ற பிள்ளையின் கலியாணம். பீடத்துக்குப் பக்கத்துக் கதவடியில் ரெனாட்டா நின்றாள். இவளைக் கண்டதும் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்து மாக்கிறேட் தோளைக் கொடுத்தாள். அந்தத் தோளுக்கு மேலால், இடது தோளுக்கு மேலால், ரெனாட்டா தூ, தூ, தூ என்று மூன்று தரம் துப்பினாள். விளையாட்டுத் துப்பல் என்றும் சொல்ல முடியாது. பட்டுச்சேலையின் தோள்மடிப்பில் ஒரு துளி விழுந்தது.

மாக்கிறேட் அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கலியாணம் குழம்பியிருக்கும். நேரே போய்ப் பாடினாள். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. சனம் அதைத் தாய்ப்பாசம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தது.

ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை. சொன்னால் தம்பி ஒன்றில் பெண்சாதியை விடவேண்டும், இல்லாவிட்டால் அக்காவை விடவேண்டும். தவிர, துப்பு வாங்கியதை வாயால் சொல்ல யாருக்கு மனம் வரும்? புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்த புதிதில் எட்டு மாதம் ரெனாட்டாவின் வீட்டில்தான் இருந்தாள். அவள் அவித்த உருளைக்கிழங்கைத்தான் சாப்பிட்டாள். இருந்து தின்றவளே, நீயும் ஒரு ஆளா என்றுதான் அவள் துப்பியிருக்கிறாள் என்று மாக்கிறேட் முடிவு கட்டினாள். முடிவு கட்டிவிட்டால் அவிழ்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையின் விளிம்பில்தான் இருப்பாள். பச்சைத் தண்ணீர்தான் குடிப்பாள். ரெனாட்டா என்ன கேட்டாலும் ஓம், இல்லை. போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் போனாள். தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு வாசலோடு நின்றாள். ரெனாட்டா கட்டிலில் கிடந்தபடி, "மாக்கிறேட், கம், கம்," என்று கையைத் தூக்கினாள். பார்க்கிங் நேரம் முடியுது என்று சொல்லி மாக்கிறேட் திரும்பி வந்துவிட்டாள். காரில் வரும்போது மருமகள் பிறின்சி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் மாக்கிறேட்டுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஸ்பிரிங்வேல் மயான மண்டபத்தில் ஐம்பது பேர்கூட இல்லை. மெல்பேர்னின் ஜூன் மாதக் குளிர். பெட்டி திறந்திருந்தது. ரெனாட்டா வெள்ளைக் கொலர் வைத்த நீலச் சட்டையோடு, வாய் ஓரத்தில் அரைச்சிரிப்போடு கிடந்தாள். அந்தச் சிரிப்பு மாக்கிறேட்டுக்கு நல்லாகத் தெரிந்த சிரிப்பு. குருசு வரைந்துவிட்டுச் சட்டென்று திரும்பினாள்.

யேசுராசா கோட்டுக்குள் சுருங்கிப்போய் நின்றார். அறுபத்தெட்டு வயது ஒரே கிழமைக்குள் எண்பது ஆகியிருந்தது.

"வந்திட்டியளோ அக்கா. தொண்டையாம்?"

"ஏலாது தம்பி. பார், கரகரக்குது." இருமினாள். பயிற்சி எடுத்த இருமல், பிசகவில்லை.

மன்றாடுவார் என்று எதிர்பார்த்தாள். மறுத்துச் சொல்ல நாலு வசனம் தயாராக வைத்திருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சரியக்கா. தொண்டையோடை விளையாடக் கூடாது. அவவும் அப்பிடித்தான் சொல்லுறவ."

தயார் செய்த வசனம் எல்லாம் அவளுடைய வாய்க்குள்ளேயே கிடந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு படம் வைத்திருந்தார்கள். ரோவில் வீட்டு வரவேற்பறையில் மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய அதே படம். இடிந்த மதிலுக்கு முன்னால் நாலு பிள்ளைகள், ஒருத்தி கயிற்றின் மேல். இவர்கள் வளர்ந்து ஆளுக்கொரு கூத்தாடியாய்ப் போனவர்கள் என்று யேசுராசா எப்போதோ சொல்லியிருந்தார். நல்ல கூட்டம் என்று மாக்கிறேட் அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த நால்வரில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் இப்போது எழும்பிப் பேசப் போனார். மன்ஃபிரெட். நெட்டைக் கிழவர், சேர்க்கஸில் கோமாளியாக இருந்தவர். ரெனாட்டாவைப் பார்க்க இரண்டு கிழமைக்கு முன் பெர்லினிலிருந்து வந்தவர். அவர் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, யேசுராசா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"நாங்கள் நாலு பேரும் நொய்கோல்ன் எண்ட பகுதியிலை, ஒரே கட்டிடத்திலை, ஒரே முற்றத்திலை பிறந்த பிள்ளையள் எண்டு சொல்லுறார். யுத்தம் முடிஞ்ச காலம். விளையாட ஒண்டுமில்லை. முற்றத்திலை காயப்போட்ட போர்வையளைத் திரைச்சீலை ஆக்கிப்போட்டு நாடகம் போடுவினமாம். உடுப்புத் தோய்க்கிற பொம்பிளையள்தான் சனம்."

மன்ஃபிரெட் படத்தில் ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டினார். கயிற்றில் நிற்பவள் ஹனலோர. பெரியவளாகியும் கயிற்றில்தான் நடந்தாள், விழுந்து இடுப்பு உடைந்த பிறகு சினிமாக் கொட்டகை வாசலில் ரிக்கற் கிழித்தாள். படம் தொடங்கினதும் உள்ளே வந்து ஒவ்வொரு நாளும் கடைசி வரிசையில் நின்று பார்ப்பாளாம். மூக்கில் சளியோடு நிற்பவன் பெர்ன்ட். நாடகங்களுக்குப் பின்திரையில் படம் கீறினவன். வானம் மட்டும் கீறுவான், வீடு மரம் எல்லாம் வேறு ஆட்களுக்கு. குடித்தே செத்தான். அவன் கீறின வானத்துக்குக் கீழே இன்னும் நாடகம் நடக்கிறது.

"ரெனாட்டா பொம்மைத் தியேட்டரிலை இருவத்திரண்டு வருஷம்," என்ற இடத்தில் யேசுராசாவின் குரல் தடுக்கியது. "முகம் ஒருத்தருக்கும் தெரியாது. கையும் குரலும் மட்டும். தெருவிலை போனால் ஒரு பிள்ளைக்கும் அவவை அடையாளம் தெரியாது. ஆனால் அவ வாயைத் திறந்தால் பிள்ளையள் ஓடிவருங்கள்." மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார். "நான் அந்தத் தியேட்டர்க் குசினியிலைதான் பிளேட் கழுவினனான். நானும் குரலைக் கேட்டுத்தான் ஓடிப்போனனான். இது அவர் சொன்னதில்லை, நான் சொல்லுறன்."

சனம் மெல்லச் சிரித்தது. மாக்கிறேட்டுக்கும் உதடு இழுத்தது, அடக்கிக்கொண்டாள்.

மன்ஃபிரெட் இறங்கி வந்தார். அடுத்தது பாட்டு என்றுதான் அவரிடம் இருந்த தாளில் இருந்தது. தொண்டைக் கதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நேரே மாக்கிறேட்டின் கதிரையடிக்கு வந்தார். குனிந்தார். அவளுடைய இடது தோளுக்கு மேலால் தூ, தூ, தூ என்று மூன்று தரம் துப்பினார்.

"ஐயோ, இந்தக் கிழவனும் துப்புறான்!"

மாக்கிறேட் துள்ளி எழும்பிவிட்டாள். குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கணீரென்று போனது. கரகரப்பு மருந்துக்கும் இல்லை. பிறின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். மன்ஃபிரெட் பாவம், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார்.

யேசுராசா ஓடிவந்தார். "அக்கா, அக்கா, இருங்கோ. அவர் உங்களைத் துப்பேல்லை. மேடைக்குப் போற ஆளுக்கு அங்கை அப்பிடித்தான் செய்யிறவை. நல்லா வரவேணும், ஒரு பிழையும் வரக்கூடாது எண்டு. நாங்கள் கண்பட்டதுக்கு நாவூறு கழிக்கேக்கை தூ தூ எண்டுறேல்லையே, அதுமாதிரி."

மாக்கிறேட் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆருக்குச் செய்யிறவை?"

"மேடையேறுற ஆக்களுக்கு. இவை நாலு பேரும் சின்னனிலை அந்தப் போர்வைக்குப் பின்னாலை நிண்டு செய்யத் தொடங்கினவை, கடைசிவரை விடேல்லை. தங்கடை ஆக்களுக்கு மட்டும்தான். எனக்கு ஒரு நாளும் செய்யேல்லை," என்றார் யேசுராசா. "நான் பிளேட் கழுவினவன்தானே."

"எனக்குச் செய்தவள்." மாக்கிறேட்டின் குரல் இப்போதுதான் உண்மையாகவே அடைத்தது. "டிலுக்சன்ரை கலியாணத்திலை."

"தெரியுமக்கா. அண்டைக்கு இரவே சொன்னவ. உன்ரை அக்காவுக்கு எல்லாம் தெரியும் ராசா எண்டு."

"என்ன தெரியும்?"

"அதுக்குத் திருப்பி நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. தெரியாத ஆக்கள் தாங்க்யூ எண்டு சொல்லிப்போடுவினம். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லேல்லையாம். நிமிந்து ஒரு பார்வை பாத்திட்டு நேரை பாடப் போனியளாம். மனுசி அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டவ. இவ எங்கடை ஆள், எங்கடை முற்றத்திலை பிறந்திருக்கவேண்டிய ஆள் எண்டு."

மாக்கிறேட் தம்பியின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகமில்லை. அந்த முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியவும் தெரியாது.

"அதுக்குப் பேந்து நான் அவளோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லையே, ராசா. பதினொரு வருஷம். அதுக்கு என்ன சொன்னவள்?"

"நானும் கேட்டனான், அக்கா ஏன் இப்பிடி எண்டு. பாடுற ஆக்கள் அப்பிடித்தான், அவையளைத் தொந்தரவு செய்யக் கூடாது, விடு எண்டவ. நீங்கள் பாடுற ஞாயிற்றுக்கிழமையளிலை தமிழ்ப் பூசைக்கு வந்து பின்வரிசை வாங்கிலை இருப்பா. ஒரு சொல்லும் விளங்காது. பாட்டு முடிய எழும்பிப் போவா."

பின்வாங்கில் அந்த வெள்ளைத்தலையை மாக்கிறேட் கண்டிருக்கிறாள். வேவு பார்க்க வருகிறாள் என்று நினைத்திருக்கிறாள். கடவுளே, என்ன சனியன் பிடித்த மூளை இது! ஒரே ஒரு நாள் அவள் ஏன் துப்பினாய் என்று கேட்டிருந்தால் போதும். திட்டிக் கேட்டிருந்தாலும் போதும். ஆஸ்பத்திரியில் தூக்கிய கை கண்ணுக்குள் வந்தது. பார்க்கிங் நேரமாம்! அவளுக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை மூடுகிற ஆட்கள் இரண்டு பேர் சுவரோரம் வந்து நின்றார்கள்.

மாக்கிறேட் மப்ளரைக் கழற்றிப் பிறின்சியின் மடியில் போட்டாள். மன்ஃபிரெட்டைக் கடந்து போனபோது நன்றி என்று சொல்ல வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். கிழவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

அந்த மாதா பாட்டைப் பாடினாள். பக்கவாத்தியம் ஒன்றுமில்லை. எழுபத்தொரு வயதுக் குரல் முதல் அடியில் கொஞ்சம் தடுமாறிப் பிறகு தன் வழியைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு உடைந்த இரண்டாவது சரணம் வந்தது. மாக்கிறேட் பெட்டியைப் பார்த்துக்கொண்டு அதை முழுதாகப் பாடினாள், ஒரு சொல்லும் விடவில்லை. மன்னாரில் செத்தவீட்டில் பாடுவதுபோல் இழுத்துப் பாடவில்லை. ஒரு ஆள் பின்வாங்கில் இருந்து கேட்கிறாள் என்று பாடினாள். டிலுக்சன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தபடி அழுதான்.

பாடி முடிந்தும் அவள் இடத்துக்குத் திரும்பவில்லை. மூடியைத் தூக்க வந்த ஆட்களைக் கை காட்டி நிறுத்தினாள். பெட்டியடிக்குப் போனாள். முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, முழங்கால் வலிக்க இன்னும் குனிந்து, ரெனாட்டாவின் இடது தோளுக்கு மேலால் தூ, தூ, தூ என்றாள்.

பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஃபாதர் ஒரு அடி முன்னுக்கு வைத்தார். யேசுராசா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

ரெனாட்டாவின் வெள்ளைக் கொலரில் ஒரு துளி விழுந்திருந்தது. பிறின்சி பதறி வந்து ரிஷுவை நீட்டினாள்.

"மாமி, துடைச்சு விடுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. அது இருக்கட்டும்," என்றாள் மாக்கிறேட்.

பெட்டியை மூடினார்கள்.