படையலில் ஒரு டம்ளர்

குடித்துவிட்டு லாரி ஓட்டி மாட்டிக்கொண்ட மணியனின் லைசென்ஸை முடக்கியிருந்தார்கள். மறுவாழ்வு மையத்தில் சிகிச்சையை முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். வாரந்தோறும் மனைவி சௌந்திரம்தான் ஸ்கூட்டரில் சேலத்துக்குக் கூட்டிப் போகிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர், வளைவு வந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். மையத்தில் முதலில் ஊதச் சொல்வார்கள். வாடை வந்தால் சிகிச்சை மறுபடி முதலிலிருந்து.

இன்று போகும் வழியில், மைத்துனன் சிவக்குமாரின் புது லாரிக்கு முனியப்பன் கோயிலில் பூஜை. சாமிக்குப் பிராந்தியும் சுருட்டும் படைத்தார்கள். படைத்ததை டிரைவர்கள் பங்கிட்டுக் குடிப்பது வழக்கம்.

சிவக்குமார் டம்ளரை நீட்டினான். "ஒரு வாய்தானுங்க மாமா. சாமி குடுக்கறதை வேண்டாங்கலாமுங்களா?"

மணியன் வாங்கி, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சௌந்திரம் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தாள்.

அவர் டம்ளரை முனியப்பன் காலடியில் வைத்தார். "அவருக்குக் குதிரை இருக்குது மாப்ள. எத்தனை குடிச்சாலும் அது ஊடு சேர்த்திரும். எனக்கு லாரியல்லோ."

சௌந்திரம் சிரித்துவிட்டாள். அந்தத் தைரியத்தில் அவர் ஸ்கூட்டர் சாவிக்குக் கை நீட்டினார்.

"லைசென்ஸ் வரட்டுங்க," என்றாள். "இப்பப் பின்னால ஏறி, பிரேக்கைப் பாத்துக்கோங்க."