மைத்துனனின் கைராசி

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கையில் எடுத்த எதையும் சரிசெய்யாமல் கீழே வைத்ததில்லை. உடைந்த பிரேம், நின்றுபோன கடிகாரம், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் அவரிடம் வந்தால் அடங்கிப்போகும். அடங்காதது அவருடைய கார் ஒன்றுதான்.

மாமனார் ஓட்டி ஓய்ந்து, "நீங்களே வெச்சுக்குங்க மாப்ளே" என்று அவர் தலையில் கட்டிவிட்ட பழைய கார் அது. சாவி போட்டதும் சமர்த்தாகக் கிளம்பிவிடும். வினையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊரைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது ஒரு தடவை இருமும், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்தது போல இழுக்கும், அப்புறம் நட்டநடுச் சாலையில் நின்றுவிடும்.

முதல்முறை நின்றபோது காரில் மூன்று பேர். கடைக்காரர் ஓட்ட, பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் அவள் தம்பி. அவன் சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தான். நாளெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, "இதுல மல்லிகை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சொன்னால் போதும், சம்பளம் வந்துவிடும். இப்படியும் ஒரு வேலையா என்று கடைக்காரருக்கு அடிவயிற்றில் ஓர் எரிச்சல். 'மூக்கன்' என்று அவனுக்குப் பெயர் வைத்ததே அவர்தான்.

"யாரும் பதற வேண்டாம்," என்று கடைக்காரர் இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். கார்பரேட்டரின் தலையைக் கழற்றி, கன்னம் இரண்டும் பூரிக்க ஓர் ஊது ஊதினார். துடைத்து மாட்டினார். அதற்குள் மூக்கன் பின்பக்கமாகப் போய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தான்.

"பெட்ரோல் இருக்கா மாமா, இல்ல வாசனைதான் மிச்சமா?"

"நேத்துதான்டா போட்டேன். மூடிட்டு வா."

மூடினான். சாவியைத் திருகியதும் கார் கிளம்பியது. கடைக்காரர் தன் உதடுகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "எல்லாம் ஊதற விதத்துல இருக்கு," என்றார்.

அதன்பின் வாரம் தவறாமல் நின்றது. அவர் முன்னால் ஊதுவார், மூக்கன் பின்னால் மோப்பம் பிடிப்பான், கார் கிளம்பும். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பை மாற்றினார், கார்பரேட்டரைப் பிரித்துக் கறுப்பாக ஒரு துணுக்கை எடுத்துக் காட்டி, "இதுதான் சார் எமன்" என்றார். ஆனால் அவர் சோதனைக்கு ஓட்டுவது தெருவை ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றுக்குக் கார் அடக்க ஒடுக்கமாகப் போய் வந்து, அவர் மானத்தைக் காப்பாற்றிவிடும்.

ஒருநாள் கடைக்காரர் தனியாகப் போய் மாட்டிக்கொண்டார். ஊதினார், ஊதினார், தலை சுற்றும்வரை ஊதினார். கார் அசையவில்லை. வெயிலில் வெந்து, கோபித்துக்கொண்டு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்து, வெகுநேரம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காதது போல அதுவாகக் கிளம்பியது.

வீட்டில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"பாத்தீங்களா, என் தம்பி கூட இருந்தா உடனே கிளம்புது. அவன் கைராசி அப்படி," என்றாள் மனைவி.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கைராசியாவது! அடுத்த தடவை கார் நின்றபோது திரும்பி விரலை ஆட்டினார். "நீ எறங்கவே கூடாது. உக்காந்த எடத்துலயே உக்காரு."

ஊதினார். கிளம்பவில்லை. மறுபடி ஊதினார். ம்ஹூம்.

"கால் மரத்துப்போச்சு மாமா," என்று கெஞ்சி மூக்கன் இறங்கினான். பின்பக்கம் போனான், சும்மா இருக்க மாட்டாமல் மூடியைத் திறந்து மூடினான். கார் கிளம்பியது. கடைக்காரர் அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டே யோசித்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"வெயிட்டு! இவன் பின்னாடி உக்காந்தா வண்டி பின்பக்கமா அமுங்குது. பெட்ரோல் மேட்டுல ஏற முடியாம தவிக்குது. இவன் எறங்கினதும் சமமாயிடுது."

"நீங்க தனியா போனப்ப யாருங்க பின்னாடி உக்காந்திருந்தா?" என்று கேட்டாள் மனைவி.

கடைக்காரர் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையில் அவள் காரோட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் தேர்வுக்குச் சொந்தக் காரையே கொண்டுபோவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து மூக்கனுக்குத் தொழிற்சாலையில் புது வாசனைக்கு முடிவு சொல்கிற நாள், லீவு கிடைக்கவில்லை. மைதானம்வரை கடைக்காரர் கூடப் போனார், வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

"நின்னா பயப்படாத. பானெட்டைத் தூக்கு. நான் காமிச்ச எடத்துல வாயை வெச்சு ஊது. கன்னத்துல காத்து நிக்கணும்."

"பாத்துக்கறேங்க," என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மைதானத்தில் நீண்ட வரிசை. எஞ்சினை அணைக்காமல் ஊர்ந்து ஊர்ந்து முன்னேறினார்கள். இவள் முறை வந்ததும், கறாரான முகத்தோடு பரீட்சை அதிகாரி ஏறி உட்கார்ந்தார். கடைக்காரர் கம்பி வேலிக்கு இந்தப்பக்கம் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எட்டு போட்டாள், பிசகில்லை. பின்னோக்கிப் போனாள், குச்சி ஒன்றும் சாயவில்லை. மேட்டில் ஏறினாள். பாதி மேட்டில் கார் ஓர் இருமல் இருமியது.

கார் ஓர் இழு இழுத்து நின்றது.

"ஊது! வாயை வெச்சு ஊது!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் மெதுவாகத் தள்ளிப் போய் நின்றார்.

அவள் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். முன்பக்கம் போகவில்லை. நேராகப் பின்னால் போனாள். டேங்க் மூடியைத் திருகித் திறந்தாள். வேலிவரைக்கும் கேட்டது, நீளமாக ஒரு 'உஸ்ஸ்'. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர் விட்ட மாதிரி. அது அடங்கும்வரை நின்றுவிட்டு மூடினாள், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், ஏறி உட்கார்ந்தாள். கார் கிளம்பி மேட்டைத் தாண்டி இறங்கியது.

கடைக்காரரின் வாய் ஊதுகிற வாக்கிலேயே நின்றிருந்தது.

பரீட்சை அதிகாரி இறங்கும்போது, "வண்டிய மாத்துங்கம்மா. ஓட்டறது நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ்!

திரும்பும் வழியில் அவளே ஓட்டினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கொஞ்ச நாளாவே சந்தேகம்தான். ஒவ்வொரு தடவையும் நீங்க முன்னாடி ஊதிட்டு இருப்பீங்க. நான் இந்த ஓரக் கண்ணாடியிலே பாத்துட்டு இருப்பேன். இவன் மூடியைத் திறப்பான், உஸ்ஸுங்கும். அப்புறம் வண்டி கிளம்பும். எண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா ஒழுங்கா ஊத்துதா? காத்து உள்ள போக இன்னொரு ஓட்டை வேணும்ல? டேங்க்குக்குக் காத்து போற வழி எங்கயோ அடைச்சிருக்கு."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். உங்க கன்னத்தைப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் அவர் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, தலைகீழாக உள்ளே நுழைந்தார். டேங்க்கின் தலையிலிருந்து மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று மேலேறி வந்தது. வெளியே போய்க் காற்று வாங்க வேண்டியது அது. ஆனால் நடுவிலேயே வெடித்து அறுந்து டிக்கிக்குள் தொங்கியது. அதன் வாயில் ஒரு கைக்குட்டை அழகாகச் சுருட்டி அடைக்கப்பட்டு, மேலே நூலால் கட்டப்பட்டிருந்தது. மோந்து பார்த்தார். மல்லிகை, கொஞ்சம் தூக்கலாக.

சாயங்காலம் மூக்கன் வந்து படியேறும்போதே கைக்குட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது யாரோடது?"

"அட, என்னோடதுதான் மாமா! எங்க கெடச்சுது?" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"பின் சீட்டுல ஒரே பெட்ரோல் வாடை மாமா. ரெண்டு நாள் எனக்கு எந்த சோப்பை மோந்தாலும் பெட்ரோலாவே மணந்துச்சு. மேனேஜர் என்னைக் கண்ணால எரிச்சாரு. அதான் வாடை எங்கேந்து வருதுன்னு தேடிப் புடிச்சு அடைச்சேன். உங்ககிட்ட எத்தன வாட்டி சொன்னேன்? 'கார்ல பெட்ரோல் மணக்காம பின்ன பன்னீரா மணக்கும்'னு சிரிச்சீங்களே."

கடைக்காரர் திட்டுவதற்காக இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் வெறுமனே விட்டார். சிரித்தது நிஜம். அந்தக் காரில் அவருக்கு ஒருநாளும் எந்த வாடையும் அடித்ததில்லை.

"அப்ப கைராசி, கைராசின்னு ஊரெல்லாம் சொன்னேனே," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அடைச்சதும் இவன், தொறந்து விட்டதும் இவன்!"

மறுநாள் கடைக்காரரும் மூக்கனும் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். பழைய குழாயை உருவிவிட்டுப் புதுக் குழாயை மாட்டி, மேலே தூக்கி வளைத்து, ஓரத்து ஓட்டை வழியாக வண்டிக்கு வெளியே தள்ளினார்கள். கண்ணாடி பிரேமுக்குத் திருகாணி முடுக்குகிற குட்டி ஸ்குரூ டிரைவரால் கடைக்காரர் கிளிப்பை இறுக்கினார். மூக்கன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாக மோந்தான்.

"இங்க இல்ல. இங்கயும் இல்ல. ஆங், இங்க லேசா இருக்கு மாமா."

"எனக்கு ஒண்ணும் தெரியலயேடா."

"இருக்கு. இன்னும் ஒரு திருகு."

திருகினார். மறுபடி மோந்தான். "போயிடுச்சு," என்றான். அவனுக்கு ஏன் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கடைக்காரருக்கு அன்றைக்குத்தான் லேசாகப் புரிந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. ஆனால் டீ வந்தபோது முதல் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். மனைவிதான் ஓட்டினாள். பாலம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாலம் போயிற்று. அடுத்த ஊர் வந்தது, அதுவும் போயிற்று.

"போதும்மா, திரும்பலாம்," என்றார் கடைக்காரர்.

"இருங்க, இப்பதான் நல்லா போகுது," என்று அவள் கியரை மாற்றினாள்.

இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். இறங்கியதும் சாவியை அவள் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் அதைக் கவனித்தார், கேட்டு வாங்க வாயெடுத்தார், வேண்டாமென்று விட்டுவிட்டார். இப்போதெல்லாம் அவர் கடைக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறார். பாதி நாள் நின்றுகொண்டுதான். யாராவது கேட்டால், "வீட்டம்மாவுக்கு வண்டி தேவைப்படுது," என்கிறார்.