மூன்று நாள் கழித்துப் பதில்

என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிப் பிழைக்கிறவர். யார் பேரை என்றுதானே கேட்கிறீர்கள்? யாருடையதும் இல்லை. இணையத்தில் இன்னும் யாரும் எடுக்காத பெயர்களாகப் பார்த்துத் தன் கணக்கில் பதிந்து வைத்துக்கொள்வார். நாளைக்கு யாராவது கம்பெனி தொடங்கி, அதே பெயரில் இணையதளம் வேண்டும் என்று நினைத்தால் இவரிடம் வந்து விலை பேசி வாங்க வேண்டும். வந்தால் சரி. கைவசம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆறு வருடத்தில் விற்றவை ஒன்பது.

நான் திரைச்சீலை தைப்பவள். மாடியில் வீடு, கீழே வாடகைக்குக் கடை. எனக்கும் என் நாத்தனாருக்கும் ஆளுக்கொரு தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் நீள மேஜை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோண இடத்தில் கணினியோடு அவர் உட்கார்ந்திருப்பார். எழுந்தால் தலையில் இடிக்கும். ஆறு வருடமாக இடிக்கிறது, ஆறு வருடமாக மறக்கிறார்.

பதறாத காரியம் சிதறாது என்பது அவருடைய வேதம். யாராவது ஒரு பெயருக்கு விலை கேட்டு எழுதினால் மூன்று நாள் கழித்துத்தான் பதில் போடுவார். உடனே போட்டால் நாம் காய்ந்து கிடக்கிறோம் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடுமாம். "ஊறட்டும்" என்பார். தொழிலோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கடைச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால் மூன்று நாள். என் தங்கை வீட்டுக்குப் போகலாமா என்றால் மூன்று நாள், அதற்குள் அவளே கிளம்பி இங்கே வந்துவிடுவாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால், என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். அதற்கும் மூன்று நாள்தான். அன்றைக்கே ஊற ஆரம்பித்தவள் நான்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று அவருக்குச் செல்லப்பிள்ளை. பெயர் 'மழை'. முன்னும் பின்னும் ஒட்டு எதுவும் கிடையாது, வெறும் மழை. யாரோ ஒருவர் புதுப்பிக்க மறந்துவிட, அது காலாவதியாகும் நொடிக்காகக் காத்திருந்து பிடித்தார். குடைக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், கொடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி விற்பவர் இரண்டு முறை கேட்டார், கொடுக்கவில்லை.

"அதுக்கான ஆள் இன்னும் வரல. வந்தா உனக்குச் சொந்தக் கடை" என்பார்.

என் கடையின் பெயரையும் அவர்தான் பதிந்து கொடுத்தார், கடை திறந்த அன்று பரிசாக. 'ஜன்னல்துணி'. தளத்தை அவரே உட்கார்ந்து கட்டினார். ஜன்னல் அளவுகளும் ஆர்டர்களும் அதன் வழியாகத்தான் வரும். நான் தைக்கும் ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் அந்தப் பெயரைச் சின்ன நாடாவில் வைத்துத் தைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெண்கள் விடுதிக் காப்பாளர் போன் செய்தார். அறுபத்து நான்கு ஜன்னல்களுக்கு என்னிடம் விலை கேட்டிருந்தவர்.

"கடையை மூடிட்டீங்களா? உங்க தளத்தைத் திறந்தா, இந்தப் பெயர் விற்பனைக்குன்னு வருது."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"நான் நம்புறேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கமிட்டி கூடுது. உங்க தளத்துல இருக்கற படங்களைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. இதைப் பார்த்தா யார் குடுப்பாங்க?"

படிக்கடியில் எட்டிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. வெகுநாளாக விலைபோகாத பெயர்களைத் தள்ளிவிட எண்ணி, முந்தின நாள் ஒரு காரியம் செய்திருக்கிறார்.

"எல்லாப் பேரையும் ஒண்ணா டிக் பண்ணி, கேட்டவுடனே கிடைக்கற மாதிரி விலை போட்டேன். விக்கக் கூடாததுக்கு மட்டும் டிக்கை எடுத்துட்டேன்."

"எந்தெந்தப் பேருக்கு எடுத்தீங்க?"

தரையைப் பார்த்தார். "மழைக்கு."

நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் பெயர் போனதற்காக அல்ல. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்றபோது இந்த மனிதருக்கு மழை நினைவுக்கு வந்தது, நான் வரவில்லை. அதை அப்படியே சொன்னேன். எழுந்தார், தலையில் இடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாங்கியவரும் இதே தொழில்காரர். அடிமாட்டு விலைக்கு வந்ததென்று அள்ளிக்கொண்டு, அதே நொடியில் விற்பனைப் பலகையை மாட்டிவிட்டார். திருப்பிக் கொடுக்கும்படி இவர் உடனே எழுதினார். அன்று பதில் இல்லை. புதன்கிழமையும் இல்லை. வியாழக்கிழமை அரை மணிக்கொரு தரம் கணினியில் மடல் பெட்டியைத் திறந்து மூடினார்.

"என்னண்ணா, நல்லா ஊறுதா?" என்றாள் நாத்தனார்.

"வேணும்னே பண்றான். மூணு நாள் கணக்கு."

"இப்படியும் மனுஷங்க இருக்காங்களே" என்றேன் நான், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் டீயைக்கூடத் தொடவில்லை. நான் வெட்டு மேஜையில் அளவு போட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் ஒரு அளவும் சரியாக விழவில்லை. அறுபத்து நான்கு ஜன்னல் என்பது எங்களுக்கு நான்கு மாத வேலை. அதைவிட, ஊர் முழுக்கத் தொங்கும் என் திரைகளின் ஓரத்தில் இனி யாரோ ஒருவருடைய பெயர் என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. மதியத்துக்குச் சற்று முன்னால் படிக்கடியிலிருந்து குரல் வந்தது.

"கிடைச்சிருச்சு. ரெண்டு மணிக்குள்ள தளம் வந்துரும்."

"எப்படிக் குடுத்தான்?"

"பேசினேன்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. சாமர்த்தியமாகப் பேசியிருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். தளம் வந்தது, கமிட்டி பார்த்தது, நாலரை மணிக்குக் காப்பாளர் ஆர்டரை உறுதி செய்தார். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடுதி அனுப்பிய அளவுகளை அச்செடுக்க அவருடைய கணினியில் உட்கார்ந்தேன். அவர் கடை வாசலில் துணிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தார். மடல் பெட்டி திறந்தே இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாதுதான். புருஷன் அடுத்தவரில் சேர்த்தி இல்லை.

வாங்கியவர் எழுதியிருந்தார்: "உங்களிடம் உள்ள மழையைக் கொடுத்தால் இதைத் தருகிறேன். அவசரமில்லை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்." அனுப்பிய நேரம் 11.42.

அதற்குக் கீழே என் வீட்டுக்காரரின் பதில், ஒரே வார்த்தை. "எடுத்துக்கொள்ளுங்கள்."

நேரத்தைப் பார்த்தேன். அதுவும் 11.42.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் சொந்தக் கடை போயிற்று என்பது பிறகுதான் தோன்றியது. தோன்றியும் வலிக்கவில்லை. எழுந்தேன், படியில் எனக்கும் நன்றாக இடித்தது.

"ஏங்க" என்றேன், தலையைத் தேய்த்துக்கொண்டே. "விடுதிக்கு என்ன கலர் போடலாம்?"

துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யோசிச்சுச் சொல்றேனே."

"மெதுவா சொல்லுங்க" என்றேன். "ஊறட்டும்."