எந்தக் கவுன்சிலர்

பத்திரிகை எழுத்துக்கான மாலை வகுப்பில், கட்டுரை எழுதச் சீட்டெடுத்தபோது எனக்கு விழுந்த பெயர் யூஜினி அமிர்தநாதர். போன மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். மன்னாரில் பிறந்து, சிறுமியாக லண்டனுக்குப் போனவர். அவருடைய பின்னணியையும் ஆரம்பகால வேலையையும் ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதவேண்டும். நன்றாக வந்தால் தன்னுடைய வாரப் பத்திரிகையில் போடுவதாக, வகுப்பை நடத்தும் அன்புராசா சேர் சொல்லியிருந்தார்.

யூஜினியின் இணையத்தளத்தில் 'மக்களோடு வேலை செய்தவர்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவருடைய அண்ணர் கிளிபோட் இங்கே கனடாவில், ஸ்காபரோவில்தான் இருக்கிறார். போன் எடுத்தேன். தங்கச்சி படிப்பு முடித்ததும் கனகாலம் கவுன்சிலராக இருந்தவ என்றார். 'நகரசபை உறுப்பினர்' என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு சரிபார்க்க உட்கார்ந்தேன். லண்டனில் யூஜினி இருந்த பகுதிச் சபையின் பழைய உறுப்பினர்களில் அவர் பெயர் இல்லை. அயல் சபைகளிலும் இல்லை. எனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று முதலில் இருந்து திரும்பவும் தேடினேன். இல்லை. அண்ணர் பொய் சொல்கிறாரா, தங்கச்சி அவருக்குப் பொய் சொன்னாவா? நான் யார் இதைக் கண்டுபிடிக்க?

சனிக்கிழமை நேரில் போய், தயங்கித் தயங்கிக் கேட்டேன். கிளிபோட் அங்கிள் சிரித்துவிட்டார்.

"சபைக் கவுன்சிலர் இல்லை பிள்ளை. மனம் உடைஞ்ச ஆக்களோட இருந்து கதைக்கிற கவுன்சிலர். இங்கிலீசில ரெண்டுக்கும் வேற வேற எழுத்தெல்லோ? கனடாவில படிச்ச உமக்கு அது தெரியாதே?"

வெட்கமாகப் போய்விட்டது. வெட்டிவிட்டு 'உளவளத் துணையாளர்' என்று எழுதினேன். ஏன் அந்த வேலையைத் தெரிந்தெடுத்தா என்று கேட்டேன். கட்டுரைக்கு அது தேவை.

அவர் சிரிப்பை விட்டுவிட்டு, மகள் மெலிசாவின் அறைக் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. குரலைக் குறைத்துச் சொன்னார். லண்டனில் தன்னுடைய அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்ட காலத்தில் கிளிபோட் அங்கிளே உயிரை விடப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவரோடு பேச வந்த கவுன்சிலருக்கு மொழிபெயர்த்தது, பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்ற யூஜினி. அண்ணை, நான் இந்த வேலைதான் செய்யப்போறன் என்று அன்றைக்கே சொன்னாவாம்.

"உது மெலிசாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். துணையாளர் எண்டு போட்டால் அவள் ஏன், எப்பிடி எண்டு குடைஞ்சு கேப்பாள். எனக்காகத்தான் தங்கச்சியும் அதை வெளியில சொல்லேல்லை. நீர் வெறுமனே கவுன்சிலர் எண்டே போடும்."

"ஆக்கள் சபை எண்டெல்லோ நினைப்பினம், அங்கிள்?"

"நினைக்கட்டும். எழுத்தில பிழை இல்லைத்தானே?"

பிழை இல்லை. ஆனால் சரியும் இல்லை. பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லை வெட்டினேன், எழுதினேன், திரும்ப வெட்டினேன். வகுப்பில் கொடுத்த பிரதியில் கவுன்சிலர் என்றுதான் இருந்தது.

அன்புராசா சேர் எல்லோருக்கும் முன்னால் வாசித்துக்கொண்டு போய், அந்த வரியில் நின்றார்.

"எந்தக் கவுன்சிலர்? சபையோ, ஆலோசனையோ?"

"தெரியாது, சேர்."

"விசாரிக்கேல்லையோ?"

"விசாரிச்சனான். தெரியேல்லை."

தெரியாததை எழுதக்கூடாது என்று சொல்லி, அந்த வரியைக் கோடு போட்டு எடுத்துவிட்டார்.

பத்திரிகையில் யூஜினி பல்கலைக்கழகத்தை விட்டு வந்ததும் நேரே தேர்தலில் நிற்கிறார். இடையில் ஒன்றுமே இல்லை. அதை வாசித்த சிவானி, வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள், ஒரு கஷ்டமும் படாமல் மேலே வந்தவ போல என்றாள்.

ஓம் என்றேன்.